சார்ட்டர் பள்ளியை மூடுவது யார்? அனுமதி, புதுப்பித்தல், மூடல் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு, பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் பதற்றத்தோடு போன் செய்தார். "அண்ணா, பாப்பா படிக்கிற ஸ்கூலை கவர்மென்ட் மூடப் போறாங்களாம். பிரைவேட் ஸ்கூலை எப்படிண்ணா அவங்க மூட முடியும்?" பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு பக்கக் கடிதம். மூடுவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பள்ளியின் அனுமதியை இன்னும் ஐந்து ஆண்டுக்கு மாநிலம் புதுப்பித்திருக்கிறது, கூடவே இரண்டு நிபந்தனைகள் போட்டிருக்கிறது என்றுதான் எழுதியிருந்தது. போதாக்குறைக்கு அது பிரைவேட் பள்ளியும் கிடையாது, பொதுப்பணத்தில் தனிக் குழு ஒன்று நடத்தும் சார்ட்டர் பள்ளி.

நண்பர் மேல் தப்பில்லை. அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆதரவு, எதிர்ப்பு என்று கட்சி கட்டிக்கொண்டுதான் நடக்கிறது. ஒரு பள்ளிக்கு அனுமதி எப்படிக் கிடைக்கிறது, எப்போது போகிறது, அதில் மாநிலக் கல்வி வாரியத்தின் கை எவ்வளவு நீளம் என்று பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு. அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு இது இன்னும் குழப்பம். நம்மூர்ப் பள்ளி அமைப்பில் இதற்குச் சரியான இணை கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேன்டீன் ஒப்பந்தம் போல

ஒரு கல்லூரி கேன்டீனை எடுத்துக்கொள்வோம். கல்லூரியே சமையல்காரர்களை வைத்து நடத்தலாம். அல்லது ஒருவரைக் கூப்பிட்டு, "மூன்று வருடம் நீங்கள் நடத்துங்கள். என்ன சமைக்கிறீர்கள், யாரை வேலைக்கு வைக்கிறீர்கள் என்பதில் தலையிட மாட்டோம். ஆனால் விலை இதுக்கு மேல் போகக்கூடாது, சுத்தம் இருக்க வேண்டும், எங்கள் மாணவர் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது" என்று ஒப்பந்தம் போடலாம். மூன்று வருடம் முடிந்ததும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சொன்னபடி நடத்தினாரா? கணக்கு சரியா? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா? எல்லாம் சரி என்றால் இன்னொரு மூன்று வருடம்.

சார்ட்டர் பள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். சார்ட்டர் என்ற சொல்லுக்குச் சாசனம் என்று பொருள். இங்கே அது ஒரு குறிப்பிட்ட கால ஒப்பந்தம். ஒரு குழு, "இப்படி ஒரு பள்ளி நடத்துகிறோம், பிள்ளைகளை இந்த நிலைக்குக் கொண்டுவருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கிறது. பதிலுக்கு, வழக்கமான பொதுப்பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் சிலவற்றிலிருந்து அதற்கு விலக்கு கிடைக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று பொதுப்பணம் வருகிறது. பள்ளிக்கென்று தனி அறங்காவலர் குழு இருக்கும். தலைமை ஆசிரியரை நியமிப்பதும் வரவு செலவை முடிவு செய்வதும் அந்தக் குழுவின் வேலை.

கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாது. இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். நடத்துபவர்கள் அரசு அதிகாரிகளாக இல்லாததால் பிரைவேட் மாதிரி தோன்றுகிறது. ஆனால் பணமும் பிள்ளைகளும் பொதுமக்களுடையவை, சட்டப்படி அது பொதுப்பள்ளி.

இந்த யோசனைக்கு விதை போட்டவர் ரே பட் என்ற கல்வியாளர், 1970களில். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் அதை நாடறியப் பேசினார். ஆசிரியர்களே புது வழிகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக இந்தப் பள்ளிகள் இருக்கும் என்பது அவர் கனவு. பின்னாளில் இதே பள்ளிகளை ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, அது தனிக் கதை. முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. 2021-22 கல்வியாண்டில் நாடு முழுக்க ஏறத்தாழ 7,800 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள்.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால், சார்ட்டர் பள்ளி என்பது பொதுப்பணத்தில், கட்டணமில்லாமல், காலக்கெடு உள்ள ஓர் ஒப்பந்தத்தின் மேல் நடக்கும் பள்ளி.

ஒப்பந்தத்தின் மறுபக்கம் யார்?

ஒப்பந்தம் என்றால் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பள்ளி நடத்தும் குழுவுடையது. இன்னொன்று அனுமதி தரும் அமைப்பினுடையது. ஆங்கிலத்தில் இதை ஆத்தரைசர் என்பார்கள். பள்ளியைத் திறக்க விடுவது, நடுவில் வந்து பார்ப்பது, காலம் முடிந்ததும் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது, மூன்றுமே இதன் பொறுப்பு. பள்ளியை இது நடத்துவதில்லை. நாளை மதிய உணவுக்கு என்ன, கணக்கு டீச்சர் ஏன் மாறினார் என்று இதனிடம் போய்க் கேட்டால் பதில் வராது.

எந்த அமைப்பு இந்த வேலையைச் செய்யும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. பல இடங்களில் உள்ளூர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்த ஊரின் மற்ற பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பே அனுமதியும் தருகிறது. சில மாநிலங்களில் பல்கலைக்கழகம், சில இடங்களில் இதற்கென்றே அமைத்த தனி ஆணையம், இன்னும் சிலவற்றில் மாநிலக் கல்வி வாரியம்.

"ஸ்டேட் போர்டு" என்ற பெயர் செய்யும் குழப்பம்

தமிழ்நாட்டில் படித்தவர் காதில் ஸ்டேட் போர்டு என்று விழுந்தால் பாடத்திட்டம்தான் நினைவுக்கு வரும். "நீ சிபிஎஸ்இயா, ஸ்டேட் போர்டா?" என்று கேட்டே வளர்ந்தோம். அமெரிக்காவில் ஸ்டேட் போர்டு ஆஃப் எஜுகேஷன் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாக்களிக்கும் ஒரு குழு. மாநிலத்தின் கல்விக் கொள்கையைத் தீர்மானிக்கும் குழு என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் சார்ட்டர் பள்ளி விஷயத்தில் ஒரு மாநிலத்து வாரியம் செய்வதை இன்னொரு மாநிலத்து வாரியம் செய்யாது. செய்திகளில் "மாநில வாரியம் முடிவு" என்று மொட்டையாகப் போடும்போது பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மாசசூசெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தரக்கூடிய ஒரே அமைப்பு மாநிலக் கல்வி வாரியம்தான். அதில் 11 பேர். அதில் ஒருவர் மாணவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். திறப்பது, புதுப்பிப்பது, நிபந்தனை போடுவது, பறிப்பது எல்லாமே இந்த வாரியத்தின் அதிகாரம். கல்வித் துறை ஆணையர் ஆராய்ந்து பரிந்துரைப்பார், வாரியம் தீர்மானிக்கும். சிக்கலில்லாத புதுப்பித்தல்களை ஆணையரே முடித்துவிட வாரியம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே முதலில் போக வேண்டியது உள்ளூர் டிஸ்ட்ரிக்டிடம். அது மறுத்தால் மாவட்ட அளவில் இருக்கும் கவுன்ட்டி கல்வி வாரியத்திடம் முறையிடலாம். அங்கேயும் மறுத்தால்தான் மாநில வாரியம். முன்பெல்லாம் மாநில வாரியம் மேல்முறையீட்டில் பள்ளிக்குத் தானே அனுமதி தந்து, தானே மேற்பார்வையும் பார்த்தது. 2019இல் நிறைவேறிய ஏபி 1505 என்ற சட்டம் இதை அடியோடு மாற்றியது. இப்போது மாநில வாரியம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: கீழே இருந்தவர்கள் தங்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்களா? பள்ளி நல்லதா கெட்டதா என்று புதிதாக எடை போடும் இடம் அது கிடையாது. தீர்ப்பை மாற்றினாலும், மேற்பார்வைப் பொறுப்பை டிஸ்ட்ரிக்டிடமோ கவுன்ட்டியிடமோதான் ஒப்படைக்கும். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் நம்பும் பெற்றோர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெக்சஸில் மாநில வாரியத்தின் 15 உறுப்பினர்களும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். புதிய சார்ட்டர் பள்ளிகளைக் கல்வி ஆணையர் முன்மொழிவார், வாரியம் வேண்டாம் என்று தடுக்கலாம். திறந்த பிறகு புதுப்பிப்பது, பறிப்பது எல்லாம் ஆணையர் கையில். அதாவது வாசற்கதவு வரைதான் வாரியத்தின் காவல். வட கரோலினாவிலோ இந்த அதிகாரம் பல ஆண்டுகளாக மாநில வாரியத்திடம் இருந்தது. 2023இல் சட்டமன்றம் அதைப் பிடுங்கிப் புதிய ஒரு மறுஆய்வு வாரியத்திடம் கொடுத்தது. ஆளுநர் மறுப்பு தெரிவித்தும் சட்டம் நின்றது. மாநில வாரியத்துக்கு மிஞ்சியது மேல்முறையீடு மட்டும்.

ஆகவே ஒரு பள்ளியைப் பற்றிச் செய்தி வந்தால், அந்த மாநிலத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்பதை முதலில் பாருங்கள். மீதியெல்லாம் அதற்கு அப்புறம்தான் புரியும்.

புதுப்பித்தல் நடக்கும் விதம்

டிரைவிங் லைசென்ஸ் காலாவதியானால் படிவம் நிரப்பி, பணம் கட்டி, புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். சார்ட்டர் புதுப்பித்தலும் இப்படி ஒரு சடங்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை வீட்டு ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இன்னும் பொருந்தும். வீட்டுக்காரர் வந்து சுவரைப் பார்ப்பார், வாடகை ஒழுங்காக வந்ததா என்று பார்ப்பார், பிறகுதான் "இருங்கள்" என்பார். காலம் முடிந்தால் தானாகத் தொடரும் உரிமை பள்ளிக்குக் கிடையாது. தொடரத் தகுதி இருக்கிறது என்று பள்ளிதான் காட்ட வேண்டும்.

மாசசூசெட்ஸின் நடைமுறையை வைத்து இதைப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது. சார்ட்டரின் ஆயுள் ஐந்து ஆண்டு. கடைசி ஆண்டு தொடங்கும் முன், ஆகஸ்ட் 1க்குள் பள்ளி புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். பிறகு அதிகாரிகள் குழு பள்ளிக்கு வரும். வகுப்புகளில் உட்கார்ந்து கவனிக்கும், ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் அறங்காவலர்களிடமும் பேசும். இடைப்பட்ட ஆண்டுகளின் அறிக்கைகளும் தணிக்கைக் கணக்குகளும் ஏற்கெனவே கோப்பில் இருக்கும். முடிவு அந்தக் குளிர்காலத்தில் வரும். ஜூன் 30இல் பழைய சார்ட்டர் முடியும்.

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் கற்கிறார்களா என்பது ஒன்று. பள்ளி தன் காலில் நிற்கிறதா, அதாவது பணம், நிர்வாகம், சேர்க்கை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: சார்ட்டரில் எழுதிக் கொடுத்த வாக்கைப் பள்ளி காப்பாற்றியதா? உதாரணத்துக்கு, இரண்டு மொழியில் கற்பிப்போம் என்று சொல்லி அனுமதி வாங்கிய பள்ளி, நாளடைவில் ஆசிரியர் கிடைக்கவில்லை என்று ஒரு மொழியைக் கைவிட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். தேர்வு முடிவு அருமையாக இருக்கலாம். ஆனாலும் கேள்வி வரும். அந்த இரண்டாவது மொழிக்காகத்தானே பெற்றோர் குலுக்கலில் பெயர் கொடுத்தார்கள்! இந்த மூன்றாவது அளவுகோல் இருப்பதாலேயே மாசசூசெட்ஸ் முறையின் மேல் எனக்கு மரியாதை.

முடிவு எப்படியெல்லாம் வரலாம்? எந்த நிபந்தனையும் இல்லாமல் புதுப்பிக்கலாம். நிபந்தனையோடு புதுப்பிக்கலாம்: இந்தத் தேதிக்குள் இந்தக் குறையைச் சரிசெய், இதற்கான திட்டத்தைக் கொடு என்பது போல. நண்பருக்கு வந்த கடிதம் இந்த ரகம். அதற்கு அடுத்த படி புரொபேஷன், அதாவது எச்சரிக்கையோடு கூடிய கண்காணிப்புக் காலம். பள்ளி திருந்தும் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும், அது பலிக்காவிட்டால் சார்ட்டர் பறிபோகலாம். கடைசியாக, புதுப்பிக்காமல் விடுவது. அதற்கு முன்பு பள்ளி தன் பக்கத்தைச் சொல்ல விசாரணை கேட்கலாம்.

நிபந்தனை என்ற சொல்லைப் பார்த்ததும் மூடல் என்று படித்துவிடாதீர்கள். வண்டியில் பிரேக் சத்தம் போடுகிறது, பார்த்துவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்வதற்கும் வண்டியை உடைக்கக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அது. அதற்காக நிபந்தனையைக் கண்டுகொள்ளாமலும் இருக்க வேண்டாம். அதில் எழுதிய தேதிகள் நிஜமானவை.

தேர்வு முடிவுக்கு எவ்வளவு எடை?

இங்கேதான் மாநிலங்கள் வெவ்வேறு திசையில் போகின்றன.

டெக்சஸ் 2013இல் கொண்டுவந்த சட்டம் கடுமையானது. ஒரு சார்ட்டர் நிறுவனம் தொடர்ந்து மூன்று ஆண்டு கல்வி மதிப்பீட்டிலோ நிதி மதிப்பீட்டிலோ தோற்றால் அனுமதி போயாக வேண்டும். ஆணையருக்கு அதில் விருப்பம், வெறுப்பு எதுவும் கிடையாது. கேட்க இரக்கமில்லாததாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. ஒரு பள்ளியை மூடும் கூட்டத்தில் பெற்றோர் அழுதுகொண்டு நிற்பார்கள், பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "இன்னும் ஒரு வருடம் கொடுப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவது எந்த வாரியத்துக்கும் சுலபம். அப்படியே வருடங்கள் ஓடிவிடும், அங்கே படிக்கும் பிள்ளைக்கோ மூன்றாம் வகுப்பு ஒரு தடவைதான்.

கலிஃபோர்னியா நடுவழியைப் பிடித்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறங்களில் மதிப்பீடு கொடுக்கிறார்கள். 2019 சட்டத்துக்குப் பிறகு, புதுப்பிக்க வரும் பள்ளிகளை இந்த மதிப்பீட்டை வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மேல் வரிசைப் பள்ளிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை கிடைக்கலாம். நடு வரிசைக்கு ஐந்து ஆண்டு. கீழ் வரிசைப் பள்ளிக்குப் புதுப்பிப்பதில்லை என்பதே விதி. குறைகளின் வேரைத் தொட்டு உருப்படியாக வேலை செய்கிறது என்று எழுத்தில் காட்ட முடிந்தால் மட்டும் இரண்டு ஆண்டு கிடைக்கலாம். அப்புறம் ஒரு விஷயம், மேல் வரிசையில் இருந்தாலே கவலையில்லை என்று சொல்லிவிட முடியாது. பணத்திலோ நிர்வாகத்திலோ பெரிய கோளாறு இருந்தாலும், எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்காமல் சிலரை மட்டும் வைத்துக்கொண்டாலும் மறுக்கலாம். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும்.

என் கருத்தைச் சொல்கிறேன். காரணங்களை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி வெளியிடும் ஒரு வாரியத்தின் தீர்ப்பை, எண்ணை மட்டும் பார்த்துத் தானாக விழும் கத்தியைவிட நம்புவேன். ஏழைப் பிள்ளைகளும் புதிதாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளும் நிறைந்த பள்ளியின் எண்ணையும், வசதியானவர்கள் வாழும் ஊரின் எண்ணையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. ஆனால் வாரியம் தயங்கித் தயங்கியே காலத்தைக் கடத்தினால் டெக்சஸ்காரர்கள் சொல்வதில் இருக்கும் நியாயத்தை மறுக்கவும் முடியாது.

சுருக்கமாக, தேர்வு முடிவு எல்லா மாநிலத்திலும் உண்டு. சில இடங்களில் அதுவே தீர்ப்பு, சில இடங்களில் அது சாட்சிகளில் ஒன்று.

மூடலுக்கு மூன்று வழி

எல்லா மூடலையும் மக்கள் ஒரே மாதிரி "மூடிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே பார்த்தால் மூன்று வேறு கதைகள்.

காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவது முதல் வழி. இது பெரும்பாலும் கல்வியாண்டின் முடிவில் நடக்கும், பிள்ளைகளுக்கு வேறு இடம் தேடச் சில மாதங்களாவது கிடைக்கும். இரண்டாவது, காலம் முடியும் முன்பே அனுமதியைப் பறிப்பது. பணம் கையாடல், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஆபத்து, சட்டமீறல் போன்ற பெரிய காரணம் வேண்டும். மூன்றாவது, பள்ளியே சாவியைத் திருப்பிக் கொடுப்பது. இதுதான் அதிகம் பேசப்படாதது. சேர்க்கை குறைகிறது, பிள்ளைக்கு இவ்வளவு என்று வரும் பணமும் குறைகிறது, வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கின்றன. 300 பிள்ளைகளை நம்பிப் போட்ட கணக்கு 180 பிள்ளைகளில் எப்படி நிற்கும்? அறங்காவலர்களே கூடி முடித்துக்கொள்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அரசு மூடியது போலத் தெரியும்.

தேர்வு முடிவு மோசமாகி மூடிய பள்ளிகளைவிட, பணமும் சேர்க்கையும் காலை வாரிய பள்ளிகளைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் யோசிக்க வேண்டும். முடிவு நன்றாகத் தெரிகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ராபர்ட் எம். ஹியூஸ் அகாடமி என்று ஒரு சார்ட்டர் பள்ளி இருந்தது. 2009ஆம் ஆண்டு மாநிலத் தேர்வில் அங்கே முறைகேடு நடந்ததாக விசாரணையில் தெரியவந்தது. 2010இல் பள்ளி மூடப்பட்டது. பொய்யான எண், மோசமான எண்ணைவிடப் பெரிய குற்றம் என்று மாநிலம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த எண்ணை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தனி உதவி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறாள்.

ஒஹாயோவில் ஒரு ஜனவரி மாதம்

மேற்பார்வை தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஈகாட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோவைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒஹாயோ மாநிலத்தில் 2000இல் தொடங்கிய இணையவழிப் பள்ளி அது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே கணினியில் படித்தார்கள். ஒருகட்டத்தில் நாட்டிலேயே மிகப் பெரிய இணையவழிப் பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது.

இணையவழிப் பள்ளிக்குப் பணம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டடத்தில் நடக்கும் பள்ளி என்றால் காலையில் தலையை எண்ணிவிடலாம். வீட்டில் இருக்கும் பிள்ளை படித்ததா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? 2015-16ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,300 முழுநேர மாணவர்களுக்கான பணம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தது. கல்வித் துறை, பிள்ளைகள் உள்நுழைந்த நேரத்தையும் படித்த நேரத்தையும் கேட்டு ஆவணங்களைப் பார்த்தபோது 6,300 பேர் அளவுக்குத்தான் ஆதாரம் இருந்தது. பாடத்தை வழங்கினால் போதும், பிள்ளை படித்ததைக் காட்ட வேண்டியதில்லை என்று பள்ளி வாதாடியது. மாநிலக் கல்வி வாரியம் 2017 ஜூன் மாதம், சுமார் 6 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று வாக்களித்தது.

கவனியுங்கள், வாரியம் அன்று பள்ளியை மூடவில்லை. பணத்தைத்தான் கேட்டது. ஒஹாயோவில் அனுமதி தரும் அமைப்பை ஸ்பான்சர் என்று அழைப்பார்கள். மாநிலம் பணத்தைப் பிடிக்கப் பிடிக்க, பள்ளியால் ஆண்டு முடிவு வரை ஓட முடியாது என்று தெரிந்ததும் ஸ்பான்சர் கையை எடுத்துக்கொண்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி நின்றது. சுமார் 12,000 பிள்ளைகள். அவர்களில் பலர் வழக்கமான பள்ளிகளில் ஒட்டாமல் போய் இங்கே வந்தவர்கள், சிலர் பள்ளிப் படிப்பை முடிக்க ஐந்து மாதமே பாக்கி இருந்தவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. படிக்காத பிள்ளைக்குப் படித்ததாகப் பணம் போவதை எந்த மாநிலமும் விட முடியாது. பல ஆண்டுகளாகத் தலையைச் சரியாக எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டு, எண்ணிய பிறகு பிள்ளைகளை நடுத்தெருவில் நிறுத்தியதுதான் மனதை உறுத்துகிறது.

மூடிய பிறகு பிள்ளைக்கு என்ன?

முதலில் ஆறுதலான செய்தி. அவர்கள் குடியிருக்கும் இடத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளி அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். நம்மூரில் டிசி கிடைக்காமல் பெற்றோர் அலைவார்களே, அந்த நிலை அங்கே வராது. பள்ளியின் ஆவணங்களை எங்கே ஒப்படைப்பது, கடைசித் தணிக்கையை யார் செய்வது, மீந்த மேசை நாற்காலியும் பணமும் யாருக்குப் போகும் என்பதற்கெல்லாம் மாநிலங்களில் நடைமுறை உண்டு. கலிஃபோர்னியாவில் பள்ளி தொடங்க விண்ணப்பிக்கும்போதே, மூடினால் என்ன செய்வோம் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் இதில் கூடுதல் விழிப்போடு இருங்கள். அந்தப் பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று எழுதிய ஐஇபி என்ற தனித்திட்டத்தின் பிரதி உங்கள் கையில் ஒன்று இருக்கட்டும். பள்ளி மூடும் அவசரத்தில் கோப்பு ஒரு வாரம் தாமதமானாலும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி ஒரு வாரம் தாமதமாகும்.

ஆறுதலில்லாத பக்கமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரேடோ ஆய்வு மையம் 2017இல் 26 மாநிலங்களில் தேர்வு முடிவு குறைந்து மூடப்பட்ட பள்ளிகளை ஆராய்ந்தது. சார்ட்டர் பள்ளி, டிஸ்ட்ரிக்ட் பள்ளி இரண்டுமே அதில் உண்டு. மூடலால் இடம் மாறிய பிள்ளைகளில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே முன்பைவிட நல்ல பள்ளிக்குப் போனார்கள். கிட்டத்தட்ட ஒரே அளவில் பின்தங்கிய பள்ளிகளுக்குள்ளும், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் அதிகம் இருந்த பள்ளிகள் மூடப்படும் வாய்ப்பே கூடுதலாக இருந்தது. மோசமான பள்ளியை மூடினால் பிள்ளைகள் நல்ல பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கு, பக்கத்தில் நல்ல பள்ளி இருந்து, அதில் இடமும் இருந்தால்தான் சரிவரும். மூடும் தீர்மானத்தோடு கூடவே, "இந்தப் பிள்ளைகள் செப்டம்பரில் எங்கே போவார்கள்?" என்ற கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லி ஒவ்வொரு வாரியத்தையும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பெற்றோர் பார்க்க வேண்டிய இடங்கள்

உங்கள் பிள்ளை சார்ட்டர் பள்ளியில் படித்தால், அதன் சார்ட்டர் எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். பலர் கேட்டதே இல்லை. கடைசியாகப் புதுப்பித்தபோது வந்த அறிக்கையைப் படியுங்கள். நிபந்தனை இருந்தால் அதற்கான தேதி எது, பள்ளி இதுவரை என்ன செய்திருக்கிறது என்று விசாரியுங்கள். மூன்று வருடச் சேர்க்கை எண்ணிக்கையை வரிசையாக எழுதிப் பார்த்தால், தணிக்கை அறிக்கை படிக்கத் தெரியாதவருக்கும் ஓரளவு நிலைமை புரிந்துவிடும். அறங்காவலர் குழுவின் கூட்டங்களும் அனுமதி தரும் அமைப்பின் கூட்டங்களும் பொதுவாகப் பொதுக் கூட்டங்கள்தான். உட்கார்ந்து கேட்கலாம். பெற்றோர் பேச நேரம் ஒதுக்குவதும் உண்டு. பேசப் போகிறவர்கள், பள்ளியைப் பிடிக்கும் என்று சொல்வதோடு, அந்த மாநிலம் எந்தெந்தக் கேள்விகளை வைத்து முடிவு செய்கிறதோ அவற்றுக்குப் பதிலாகத் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் அது கோப்பில் ஏறும்.

நண்பருக்கு வந்த கடிதத்தில் இருந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று அறங்காவலர் குழுவைப் பற்றியது. காலியாக இருந்த இடங்களை நிரப்ப வேண்டும், கூட்டக் குறிப்புகளை ஒழுங்காக வெளியிட வேண்டும். அவர் அடுத்த கூட்டத்துக்கே போனார். கடைசி வரிசையில், அவரோடு சேர்த்து நான்கு பெற்றோர். காலியிடத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று எழுந்து கேட்டிருக்கிறார். படிவம் இப்போது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி நிரப்பியபடி இருக்கிறது.